தேக்குப் பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு

என் கணவர் தச்சர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊரில் எல்லோருடைய கம்ப்யூட்டரும் தகரப் பெட்டிக்குள் குடியிருக்க, என்னுடையது மட்டும் தேக்குப் பெட்டிக்குள் இருந்தது அதனால்தான்.

ஆடம்பரத்துக்காக அல்ல. வீட்டின் பின்பகுதி முழுவதும் அவருடைய பட்டறை. முன்னறை என் அலுவலகம், சாப்பாட்டு மேசையும் அங்கேதான். நடுவில் ஒரே கதவு, அதுவும் சரியாகச் சாத்தாது. ஊருக்கெல்லாம் கதவு செய்கிறவர் வீட்டில் ஏன் இப்படி என்று கேட்டால், "நாளைக்குப் பார்த்துடலாம்மா" என்பார். கல்யாணமான புதிதில், பட்டறையில் ரம்பம் ஓட ஓட, என் கம்ப்யூட்டர் மரத்தூளைக் குடித்துக் குடித்து மாதம் ஒருமுறை மயங்கி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது அவர் அதை அப்படியே தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். அதிசயமாகப் பத்தே நாளில் அது திரும்பி வந்தது, தேக்குச் சட்டை போட்டுக்கொண்டு.

அழகான பெட்டி. நான்கு பக்கமும் ஒரே பலகையிலிருந்து எடுத்தது. மரத்தின் ரேகை ஒரு மூலையில் தொடங்கி, பெட்டியைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே தன் வாலைப் பிடித்துக்கொள்ளும். ஆணி இல்லை, திருகு இல்லை. மேல்மூடி மட்டும் திறக்கும். மதர்போர்டும் மற்ற பாகங்களும் ஒரு தட்டில் பொருத்தப்பட்டிருக்க, அந்தத் தட்டை மேலிருந்து உள்ளே இறக்க வேண்டும். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலை.

"இதுக்குள்ள தூசி போகணும்னா என்கிட்ட அனுமதி வாங்கணும்" என்றார் அவர்.

"உன்கிட்ட எதுக்கு? என்கிட்ட டிக்கெட் வாங்கட்டும்" என்றார் அத்தை. என் மாமியார். ரயிலில் இருபத்தெட்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்தான் அவரை விட்டது, அவர் ரயிலை விடவில்லை. எங்கள் வீட்டில் குளியலறைக்குப் போவதானாலும் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

என் வேலை, இன்னும் கட்டப்படாத கட்டடங்களுக்குள் நடந்து போவது போலப் படம் செய்து தருவது. எட்டு மாதம் முன்பு அலுவலகத்தை விட்டுவிட்டுத் தனியாகச் செய்கிறேன் என்று வந்துவிட்டேன். வந்த பிறகு கிடைத்தவை ஒரு கோழிப் பண்ணையும் இரண்டு வாகன நிறுத்துமிடங்களும். அதற்குப் பிறகுதான் பல் மருத்துவமனை வந்தது. ஐந்து தளம். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் ஒரு நிமிடப் படம் அனுப்ப வேண்டும். மூன்று பேரிடம் கேட்டிருந்தார்கள், ஒருவரைத்தான் எடுப்பார்கள். என்னை எடுத்தால் ஒரு வருடத்துக்கு வேலை. எடுக்காவிட்டால் திங்கட்கிழமை நான் பழைய அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். "பரவால்லம்மா, ஆசைக்கு ஒரு முயற்சி பண்ணிப் பார்த்துட்டே. வந்துடு" என்று மேலாளர் போனில் சொன்ன குரலில் இருந்த இரக்கத்தை நினைத்தாலே எனக்குப் பல் கூசியது.

ஒரு நிமிடப் படம் என்றால் ஆயிரத்து எண்ணூறு ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு தனிப் படம். வெளிச்சம் எந்த ஜன்னல் வழியே வருகிறது, தரையில் எதன் நிழல் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் வரைய வேண்டும். அந்த வரைகிற வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. என்னுடைய பழைய கார்டு ஒரு படத்துக்குப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட பதினான்கு நாள். கையில் இருந்தது ஐந்து நாள். நான் பார்த்து வைத்திருந்த புதுக் கார்டு ஒரு படத்துக்கு ஒரே நிமிடம் என்றது. முப்பது மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் எந்தக் கார்டும் எந்தக் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்துவிடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் மூவரும் கூடினோம். ஒரு தாளில் எட்டுக் கேள்விகள் எழுதினேன். மதர்போர்டில் அதற்கான ஸ்லாட் இருக்கிறதா, பவர் சப்ளை தாங்குமா, கேபிளின் முனை கார்டில் பொருந்துமா, ப்ராசஸர் ஈடுகொடுக்குமா, கார்டின் தடிமனுக்கு இடம் உண்டா, மானிட்டர் வயர் சேருமா என்று போய், கடைசியில் நீளம்.

பவர் சப்ளை பற்றிக் கேட்கக் கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவருக்கு எங்கள் வீட்டில் பெயர் வாட். நேரில் வாட் அண்ணன்.

"எத்தனை வாட்?" என்றார் எடுத்ததும்.

"வணக்கம் அண்ணே."

"வணக்கம். எத்தனை வாட்?"

"எழுநூத்தம்பது."

"அப்போ கவலையே இல்ல. சொல்லுங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

நீளம் அளப்பதை என் கணவரிடம் விட்டேன். அது அவருடைய சாம்ராஜ்யம். இரும்பு அளவுகோலைத் துடைத்து, பெட்டிக்குள் தலையை விட்டு, மூச்சைப் பிடித்து அளந்தார்.

"பன்னெண்டு அங்குலம் ரெண்டு நூல். கார்டு எவ்வளவு?"

"சரியா பன்னெண்டு."

நூல் என்பது தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு நூல் மிச்சம் என்றதும் எனக்கு நிம்மதி. அவருக்கோ வருத்தம்.

"ரெண்டு நூல் சும்மாதானே கிடக்கு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதையும் விடாம இழைச்சிருப்பேன்" என்றார்.

அத்தை தன் பழைய டிக்கெட் துளைப்பானை எடுத்து வந்து, எட்டுக் கேள்விக்கும் பக்கத்தில் டிக், டிக் என்று ஓட்டை போட்டார். கடைசி ஓட்டையைப் போட்டுவிட்டுத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எட்டும் செல்லும். பயணி வரலாம்."

பயணி புதன்கிழமை காலை வந்தது. பழைய கார்டு சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும். இது மூன்று ஃபேன் வைத்த செங்கல். தட்டை வெளியே எடுத்து, பழையதைக் கழற்றி, புதியதை ஸ்லாட்டில் வைத்து அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. என் கணவர் தட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துப் பெட்டிக்குள் இறக்கினார். எங்கும் உரசவில்லை, எங்கும் ஆடவில்லை. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"பார்த்தியா? ஒரு காகிதம் நுழைஞ்சா கேளு. ஏதாவது சொல்லும்மா."

"ரொம்ப அழகா இருக்குங்க."

"அவ்வளவுதானா?"

"இதுக்குக் கரண்ட் எப்படிக் குடுக்கிறது?"

பெட்டிக்குள் மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்தன. கார்டுக்கு மின்சாரம் தரும் கேபிளைச் செருகும் இடம் அதன் விளிம்பில், பெட்டியின் சுவரைப் பார்த்தபடி இருந்தது. விளிம்புக்கும் தேக்குச் சுவருக்கும் நடுவே அரை அங்குலம். கேபிளின் முனையோ என் சுண்டுவிரல் நீளத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். தட்டை வெளியே எடுத்து, கேபிளைச் செருகி மறுபடி இறக்கப் பார்த்தோம். கேபிள் பெட்டியின் விளிம்பில் முட்டிக்கொண்டு, உள்ளே வர மாட்டேன் என்றது.

"டிக்கெட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் அத்தை. "கையில இருக்கிற மூட்டையை வைக்கத்தான் இடமில்ல."

"கொஞ்சம் மடக்கி வளைச்சா போயிடும்" என்று என் கணவர் கேபிளின் மேல் கையை வைத்தார். நான் வாட் அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஐயையோ, வளைக்காதீங்க! பிளக் உருகிடும். வெளிய வந்து ஒன்றரை அங்குலம் நேரா போகணும், அப்புறம்தான் வளையணும். இதை முன்னாடியே கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க வாட் மட்டும்தானே கேட்டீங்க?"

"எல்லாருக்கும் அதுலதான் தகராறு வரும் மேடம். உங்களுக்கு மட்டும்தான் மரத்துல வருது. பெரிய கேபினெட் ஒண்ணு வாங்கிடுங்க. ஆனா இப்போ கையிருப்பு இல்ல, சனிக்கிழமைதான் வண்டி வரும்."

"கேபினெட்னா?" என்றார் என் கணவர்.

"தகரப் பெட்டி."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "தகரமா? நான் உயிரோட இருக்கும்போதா?"

"டேய், அவ என்ன இன்னொரு கல்யாணமா பண்ணிக்கிறேன்னா? பெட்டிதானே கேட்டா" என்றார் அத்தை.

"அம்மா, நீ சும்மா இரு. நானே புதுசா ஒண்ணு செஞ்சு தர்றேன்."

"எப்போங்க?"

"நாளை…" என்று தொடங்கியவர், தான் சொல்ல வந்தது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். மூவரும் ஒரே நேரத்தில் பட்டறைக் கதவைப் பார்த்தோம். அது வழக்கம் போல நான்கு விரல் திறந்து கிடந்தது.

சரி, சுவரில் ஒரு துளை போட்டுக் கேபிளை வெளியே எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். துளைக்கிற கருவியை எடுத்து வந்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். ரேகை வளைந்து போகிற இடத்தில் சரியாக விழுந்தது அந்த வட்டம். கருவியை வைத்தார், எடுத்தார். மரத்தைத் தடவினார். மறுபடி வைத்தார். "போட்டுடறேன்மா. உன் வேலையைவிடப் பெட்டி பெருசில்ல" என்றார். நிஜமாகவே போட்டுவிடுவார் என்று தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வேண்டாம், விடுங்க. பெட்டிக்குள்ள இருந்தாத்தான் கம்ப்யூட்டர் ஓடுமா? தட்டோட வெளியிலேயே வெச்சு ஓட்டலாம்."

"இந்த வீட்லயா? மரத்தூள்?"

"அதான் யோசிக்கிறேன்."

அவர் யோசிக்கவில்லை. நூலகத்துக்கு அலமாரி செய்துகொண்டிருந்தார். அங்கே போன் செய்து, திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லி வைத்தார். பட்டறைக்குப் போய் ரம்பத்தின் வயரைக் கழற்றி, சுருட்டி என் கையில் கொடுத்தார். "உன் படம் முடியற வரைக்கும் இது உன்கிட்ட இருக்கட்டும்." சில பேர் பூ கொடுப்பார்கள்.

அன்று முழுக்க இருவருமாகப் பட்டறையையும் வீட்டையும் ஈரத்துணியால் துடைத்தோம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மானிட்டர், மறுமுனையில் வெறும் உடம்போடு கம்ப்யூட்டர். ஓடவிட்டேன். முதல் படம் ஐம்பத்தெட்டு நொடியில் வந்தது. மருத்துவமனையின் வாசல், கண்ணாடிக் கதவு, கதவில் எதிர்த் தெருவின் வானம். மூவரும் கை தட்டினோம். இப்படியே போனால் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு முடியும். படங்களைக் கோத்து அனுப்ப அரை மணி நேரம். மூன்று மணிக்கு முன்னால் தாராளமாக முடித்துவிடலாம்.

அத்தை முன்னறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முப்பது மணி நேரத்துக்குச் சட்டங்கள் போடப்பட்டன. துடைப்பம் எடுக்கக் கூடாது. தாளிக்கக் கூடாது. பவுடர் பூசக் கூடாது. தும்மல் வந்தால் தெருவுக்கு ஓட வேண்டும். சாப்பாடு சமையலறையில் நின்றபடி.

"சட்டையை உதறிட்டு வா" என்றார் மகனிடம்.

"குளிச்சிட்டு வர்றேம்மா. புதுச் சட்டை."

"தலை?"

"தலையும் குளிச்சேன்."

"காதுக்குப் பின்னாடி பென்சில் இருக்கு. பென்சில்ல தூள் இருக்கும். வெச்சிட்டு வா."

"என் வீடும்மா இது!"

"எல்லாப் பயணியும் ரயில் தன்னோடதுன்னுதான் சொல்லுவான்."

ரம்பம் இல்லாத தச்சர் என்ன செய்வார்? வீட்டிலிருந்த உளிகளையெல்லாம் தீட்டினார். பிறகு சமையலறைக் கத்திகளை. பிறகு பக்கத்து வீட்டுக் கத்திகளை. மூன்றாவது வீட்டில் கதவைத் திறக்க மறுத்துவிட்டார்களாம். அதன் பிறகு அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். வார்னிஷ் காயாத பலகையைப் பார்ப்பது போல அந்தக் கார்டைக் கவலையோடு பார்த்தார்.

"பாவம், இப்படித் திறந்து போட்டுட்டோமே."

"அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. காத்துதான் வேணும் அதுக்கு."

"அதுக்கில்ல… பார்க்க ஒரு மாதிரி இருக்கு."

முறை வைத்துக் கண் விழித்தோம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆயிரத்து முந்நூற்று இருபது படம் முடிந்திருந்தது. நிமிடத்துக்கு ஒன்று, பிசகாமல். "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்" என்றார் அவர். கட்டையாக விழுந்து தூங்கினேன்.

ஒன்பதரைக்கு எழுந்து வந்து மானிட்டரைப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். மூன்றரை மணி நேரத்தில் எழுபது படம். ஒரு படத்துக்கு மூன்று நிமிடம். எட்டு ஓட்டை போட்ட தாளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை. வாட் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"எத்தனை வாட்…"

"அண்ணே!"

"சரி, சரி. கார்டோட சூடு எவ்வளவு காட்டுது?"

பார்த்தேன். "தொண்ணூத்தி ரெண்டு."

"அடேங்கப்பா. அதான் தன்னைக் காப்பாத்திக்க மெதுவா ஓடுது. ஃபேன் மூணும் சுத்துதான்னு பாருங்க."

அப்போதுதான் மானிட்டரை விட்டு மேசையின் மறுமுனையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணி. மெல்லிய பருத்தி. நான்கு மூலையும் ஒழுங்காக மடித்து, தட்டுக்கு அடியில் சொருகியிருந்தது. வார்னிஷ் அடித்த பலகை காயும்போது பட்டறையில் அவர் போர்த்துகிற துணி.

இழுத்து எடுத்தேன். இப்போதுதான் இஸ்திரி போட்டது போலச் சுட்டது. ஃபேன்கள் மூன்றும் மூச்சு வாங்கின.

"என்னங்க!"

வாயில் பல் பொடியோடு வந்தார். என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "காலைல தெருவைப் பெருக்கினாங்கம்மா. ஜன்னல் வழியா தூசி வந்தது, வெயில்ல பறக்கறதைப் பார்த்தேன். அதான் ஒரு துணி… துவைச்ச துணிதான்." என் முகத்தைப் படித்துவிட்டு, குரல் இறங்கியது. "தப்பு பண்ணிட்டேனா?"

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "நான்தான் விட்டேன். சுத்தமா இருந்ததேன்னு உள்ளே அனுப்பிட்டேன். இருபத்தெட்டு வருஷத்துல ஒருத்தனை விட்டதில்ல."

கத்தத்தான் வந்தேன். ஆனால் பல் பொடி ஒழுக நின்ற அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது? கணக்கு மட்டும் சொன்னேன். "இன்னும் நானூத்தி பத்து படம். நானூத்தி பத்து நிமிஷம். நாலு இருபதுக்கு முடியும்."

"மூணு மணிக்கு…"

"முடியாது."

மருத்துவமனை அலுவலகத்துக்குப் போன் செய்து இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கேட்டேன். "எல்லா டாக்டரும் மூணு மணிக்கு ஒண்ணா உட்கார்ந்து பார்க்கறாங்கம்மா. அப்புறம் அவங்களைச் சேர்த்துப் பிடிக்க முடியாது" என்றாள் அங்கிருந்த பெண். கனிவாகத்தான் சொன்னாள். "மத்த ரெண்டு பேரும் நேத்தே அனுப்பிட்டாங்க."

படத்தை மங்கலாக்கி வேகமாக வரையச் சொல்லலாம். ஆனால் பாதிப் படம் பளிச்சென்றும் மீதி அழுக்காகவும் இருந்தால் யார் எடுப்பார்கள்? கடைசிக் காட்சியை வெட்டலாம். அதில்தான் குழந்தைகள் பிரிவு இருந்தது, அதைத்தான் முக்கியமாகக் கேட்டிருந்தார்கள். சமையலறைக்குப் போய்க் கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். திங்கட்கிழமை மேலாளர் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று ஒத்திகை பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

அவர் மானிட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் தராத தண்டனையைத் தானே எடுத்துக்கொண்டது போல, அசையாமல், ஒவ்வொரு படமாக வருவதைப் பார்த்தபடி. பென்சிலைக்கூடத் தொடவில்லை.

பதினோரு மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேட்டா திட்டுவியா?"

"கேளுங்க."

"மிஷின் மாட்டிக்கிச்சா? அரை மணி நேரமா ஒரே கதவு வந்துட்டிருக்கு."

"மாட்டிக்கல. அது லிஃப்ட். கீழேயிருந்து நாலாவது மாடிக்குப் போறோம். ஆறு செகண்ட்."

"ஆறு செகண்டுன்னா எத்தனை படம்?"

"நூத்தியெண்பது."

"நூத்தியெண்பதும் இதே கதவா?"

"பின்னே? மூடின லிஃப்டுக்குள்ள வேற என்ன தெரியும்? நாமளும் அசைய மாட்டோம், கதவும் அசையாது, மேலே மாடி நம்பர் மட்டும்தான்…"

"அந்த நம்பரைத் தனியா எழுதி ஒட்ட முடியாதா?" என்றார். "தப்பா எடுத்துக்காதே. எனக்கு இந்த விஷயம் தெரியாது. நாப்பது கதவுக்கு ஒரே பூ வேலைன்னா, நான் ஒரு அச்சு வெட்டிப்பேன். நாப்பது தடவையும் உட்கார்ந்து வரைய மாட்டேன்."

என் கையிலிருந்த தட்டு தொட்டியில் விழுந்தது. உடையவில்லை, உடைந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

ஓடினேன். வரைவதை நிறுத்தினேன். லிஃப்டின் முப்பது படம் முடிந்திருந்தது. ஒன்றே போதும். மிச்சம் நூற்றைம்பதும் அதே படத்தின் நகல். மாடி எண்ணைப் பிறகு மேலே ஒட்டிக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை. கதவு திறக்கிற இடத்துக்குத் தாவி, அங்கிருந்து வரையச் சொன்னேன். நாலாவது மாடியின் வராந்தாவும் அதன் வெளிச்சமும் திரையில் வந்தபோது, விரல்விட்டு எண்ணினேன்.

"நூத்தி எழுபது படம். ரெண்டு மணிக்கு முன்னாடி முடிஞ்சிடும்."

"நிஜமாவா?"

"நூத்தியெண்பது தடவை ஒரே கதவை வரையச் சொல்லியிருக்கேன். அஞ்சு வருஷமா இதே வேலை பார்க்கறேன். எனக்குத் தோணலையே!"

"நீ ஒவ்வொரு படமா பார்க்க மாட்டியேம்மா. இன்னிக்கு எனக்குத்தான் வேற வேலை இல்ல."

அவரைக் கட்டிக்கொண்டேன். பல் பொடி வாசனை இன்னும் போகவில்லை. வாசலில் இருக்கிறவர் நினைவு அப்புறம்தான் வந்தது. திரும்பிப் பார்த்தால், அத்தை நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். "இந்தக் கோச்சுல எல்லாரும் சரியா இருக்காங்க. நான் அடுத்ததைப் பார்க்கறேன்."

ஒன்று ஐம்பத்தாறுக்குக் கடைசிப் படம் வந்தது. எண்களை ஒட்டினேன், கோத்தேன், முழுதும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். இரண்டு இருபத்தெட்டுக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வரும்வரை யாரும் தும்மவில்லை.

அதன் பிறகுதான் கொடுமை. மூன்று மணி ஆயிற்று. மூன்றரை. அவர் பக்கத்து வீட்டில் தீட்டாமல் விட்ட கத்தி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கக் கிளம்பினார். அத்தை தடுத்து உட்காரவைத்தார். நாலேகாலுக்குப் போன் அடித்தது. தலைமை மருத்துவர். குரலில் அவசரம், பின்னால் பல் துளைக்கிற சத்தம்.

"படம் பார்த்தோம்மா. மத்த ரெண்டு படத்துலயும் எதையாவது பறக்கவிட்டுக்கிட்டே இருந்தாங்க, எனக்குத் தலை சுத்திப்போச்சு. உங்க லிஃப்டுல மட்டும்தான் ஒரு ஆறு செகண்ட் மூச்சுவிட முடிஞ்சது. நோயாளிங்களுக்கும் அப்படித்தான் இருக்கணும். அஞ்சு தளத்தையும் நீங்களே செஞ்சுடுங்க. திங்கட்கிழமை ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்றேன். போனை வைத்த பிறகும் அதையே இன்னொரு முறை சொன்னேன்.

இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்து அவர் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார்.

"விடும்மா. என்னாலதான். இன்னொண்ணு வரும்."

"திங்கட்கிழமை வேலைக்குப் போகணுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எத்தனை மணிக்கு? நான் கொண்டுவந்து விடறேன்."

"எங்க கொண்டுவந்து விடுவீங்க? வேலை இங்கதான். இந்த மேசையிலதான். ஒரு வருஷத்துக்கு."

ஒரு நொடி ஆயிற்று அவருக்கு. பிறகு அத்தை அடித்த விசில் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மேசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு நீளப் பார்வை பார்த்தார். மானிட்டர், வயர்கள், மறுமுனையில் சுழல்கிற மூன்று ஃபேன்.

"அது சரி" என்றார். "ஒரு வருஷத்துக்கு நாம எங்க உட்கார்ந்து சாப்பிடறது?"

"நின்னுக்கிட்டே" என்றார் அத்தை. "நான் இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் சாப்பிட்டேன். ஒண்ணும் ஆகல."